மல்லாட்டை ஓட்டுக் கரி

விழுப்புரம்
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கலை எழுதறேன். நானும் என் இருமலும் சௌக்கியமா இருக்கோம். அண்ணிக்கு இடுப்பு வலி தேவலையா? நம்ம மல்லாட்டை மில்லுல புது பெல்ட் மாட்டியாச்சா?

இந்தக் காலத்துல காகிதத்துல எழுதறேன்னு ஹாஸ்டல்ல சிரிக்கறாங்க. மெஷின் சத்தத்துல காது போன ஒரு அண்ணன் எனக்கு இருக்கான், செல்லுல நாலு எழுத்து அடிக்கறதுக்குள்ள அவனுக்குக் கோவம் வந்துடும்னு சொன்னேன். அப்புறம் சிரிக்கல.

விஷயத்துக்கு வர்றேன். ஆராய்ச்சிக்கு மல்லாட்டை ஓடு, லேப்ல வேர்க்கடலை ஓடுன்னு சொல்றது, வேணும்னு இங்க ஒரு வியாபாரிகிட்ட மூட்டை வாங்கினோம். நேத்து பிரிச்சுக் கொட்டினா பூஞ்சை, எலிப் புழுக்கை, அடியில ஒரு செத்த எலி. அது செத்து எத்தனை நாளோ, வாலைப் பிடிச்சுத் தூக்கினா வால் மட்டும் கையோட வந்துது. ராத்திரி சோத்துல கை வெக்க முடியல. எங்க கைடு விருத்தாசலம் சார் என்ன சொன்னார் தெரியுமா? "எரிக்கத்தானே போறோம், அதுவும் கார்பன்தான்"னார். சொல்லும்போது கார் சாவியால காதைக் குடைஞ்சுகிட்டு இருந்தார். அந்தச் சாவியாலேயே என் நோட்டுல பக்கத்தைப் புரட்டினார். நாலு வருஷமா இந்த மனுஷன் கையெழுத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

நான் என்ன பண்றேன்னு அண்ணி போன தடவை கேட்டாங்க. சரியா சொல்லாம வந்துட்டேன். ஓட்டைக் கழுவிக் காய வெச்சு, காத்து போகாத உலையில கரியாக்கறோம். அந்தக் கரியைக் காஸ்டிக் மாதிரி ஒரு காரத்துல ஊற வெச்சு மறுபடி சுடறோம். காரம் கரியைத் தின்னு தின்னு உள்ள கண்ணுக்குத் தெரியாத பொத்தல் போடும். ஒரு கிராம் கரியோட பொத்தலை எல்லாம் பிரிச்சு விரிச்சா நாப்பது சென்ட் நிலம் அளவு வரும். அவ்வளவு இடத்துலயும் மின்சாரம் ஒட்டிக்கும். பேட்டரி மாதிரி மணிக்கணக்கா ஏத்த வேணாம், நிமிஷத்துல ஏறும். கடைசியா காரம் போற வரைக்கும் கழுவணும். அதுதான் பெரிய வேலை.

அதனால நம்ம மில்லு ஓடு ரெண்டு மூட்டை அனுப்பு. ஈரம் படாதது. எலி இல்லாதது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் தங்கை,
கலைப்பிரியா


திண்டிவனம்
16.2.2025

தங்கச்சி கலைக்கு அண்ணன் தென்னரசு எழுதிக்கொண்டது. உங்க அண்ணி ராஜாமணியும் நானும் நல்லா இருக்கறோம். நீ இருமலுக்கு டாக்டரைப் பாரு, சும்மா மிட்டாய் வாங்கி சப்பிக்கினு இருக்காத.

அப்பாதுரை லோடு ஆட்டோவுல ரெண்டு மூட்டை வருது. இந்தக் கடுதாசி மொத மூட்டையில மேலாக்க பாலிதீன் கவர்ல இருக்கும். ஓட்டை செங்கச் சூளைக்காரங்க லாரியில அள்ளிக்கினு போவாங்க, இத்தனை வருஷத்துல ஒருத்தன் கூட சுத்தமா இருக்கான்னு கேட்டதில்ல. நீ கேட்டன்னு சொன்னதும் ராஜாமணி முறத்தைப் போட்டுக்கினு உக்காந்துட்டா. ரெண்டு நாளு பொடச்சி, கல்லு மண்ணு தூசி பாத்து, கையால பொறுக்கினது. எலி இல்ல. எலி வேணும்னா தனியா எழுது.

நீ எழுதினதை அவளுக்குப் படிச்சிக் காட்டினேன். "நாப்பது சென்ட்டா? நம்ம பின்னாடி கொல்லையே நாப்பது சென்ட் தானே, அது ஒரு சிட்டிகை கரியிலயா?"ன்னு கேட்டுக்கினே இருக்கா. மில்லுக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்றா. அவங்க வாயைப் பாத்தா நம்பினாப்பல தெரில.

உங்க சாரைப் பத்தி எழுதினது எனக்குச் சிரிப்பாவும் வந்துது, ஒரு மாதிரியாவும் இருந்துது. படிச்சவங்க அப்பிடித்தான் இருப்பாங்க போல. பொறுத்துக்கோ. ஓடு எவ்வளவு வேணுமோ கேளு.

இப்படிக்கு
தென்னரசு


விழுப்புரம்
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெண்டு மாசமா எழுதலைன்னு திட்டாதே. நீங்க ரெண்டு பேரும் சுகமா? வெயில் இங்க மண்டையைப் பிளக்குது.

ஒரு வழியா நம்பர் வந்துடுச்சு. ஒரு கிராமுக்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்குதுன்னு ஒரு கணக்கு. நானூத்துப் பன்னிரண்டு. மல்லாட்டை ஓட்டுல இவ்வளவு வந்ததா யாரும் எழுதினதில்லை. கட்டுரையை உடனே ஏத்துக்கிட்டாங்க. பேப்பர்ல கூட போட்டிருக்காங்க, உள்ள வெட்டி வெச்சிருக்கேன். படத்துல சாருக்குப் பின்னாடி பாதி முகம் தெரியறது நான்.

லேப்ல கேசரி செஞ்சு கொண்டாடினாங்க. சார் எல்லார் முன்னாடியும் அவர் ஸ்பூனாலேயே எனக்கு ஒரு வாய் ஊட்டினார். நெய் வடிஞ்சு தாடையில ஒழுகுச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. ஹாஸ்டல் வந்து மொத்தத்தையும் வாந்தி எடுத்துட்டேன். வெயில்னு நினைக்கறேன்.

உங்க ஓடு ரொம்ப நல்லா இருந்துச்சு. அண்ணி பொறுக்கினது மாதிரி இங்க யாராலயும் முடியாது. மேல ஓடு அனுப்ப வேணாம், இப்போதைக்குப் போதும்.

தலை வலிக்குது. அப்புறம் எழுதறேன்.

கலை


திண்டிவனம்
4.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்க நல்லா இருக்கறோம், சந்தோஷமாவும் இருக்கறோம். பேப்பரை மில்லு ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டியாச்சி. எடை போட வர்றவன்லாம் மொதல்ல அதைப் படிச்சிட்டுத் தான் எடை போடணும். உங்க அண்ணி உத்தரவு.

ஒரு பெரிய சங்கதி. போன வியாழக்கெழமை உங்க விருத்தாசலம் சார் நேரா நம்ம மில்லுக்கே வந்துட்டாரு. கூட ஜெகதீசன்னு ஒருத்தரு, தொழிலதிபராம். மல்லாட்டை ஓட்டுக் கரி ஃபேக்டரி போடப் போறாங்களாம். ஓடு நம்மகிட்ட இருக்குது, பின்னாடி கொல்லை இருக்குது, கிணத்துல தண்ணி இருக்குது. அதனால இங்கயே போடலாம்னு சொல்றாங்க. அவங்க பேசினதை ராஜாமணி சிலேட்டுல எழுதிக் காமிச்சா. "எங்க கலைப்பிரியா கண்டுபிடிச்சது"ன்னு அவரு சொன்னாராம். உன் பேரைப் பாத்ததும் நான் சரின்னு தலையாட்டிட்டேன். கேப்பை வெதைக்கலாம்னு உழுது போட்டிருந்தேன், பரவால்ல.

ஒண்ணு மட்டும் ஒரு மாதிரியா இருந்துது. போகும்போது எனக்குக் கை குடுத்தாரு. கார்ல ஏறினதும் கண்ணாடி ஏத்தறதுக்கு முன்னாடியே பாட்டிலை எடுத்துக் கையில மருந்து ஊத்தித் தேச்சிக்கினாரு. நான் பாத்துக்கினு தான் நின்னேன். என் கையில மல்லாட்டைத் தூசி தவிர என்னா இருக்குது?

சரி வுடு. உன் நம்பர் எங்க கொல்லையில வரப் போவுது. அது போதும்.

தென்னரசு


விழுப்புரம்
9.5.2025

அண்ணா,

நலம். நலமறிய ஆவல்.

கொஞ்சம் பொறு. லேப்ல ஒரு கிராம் செய்யறது வேற, ஃபேக்டரியில டன் கணக்குல செய்யறது வேற. இன்னொரு வருஷம் போகட்டும்னு சொல்லிப் பாரு. கொல்லையைக் கொடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்லையே. கழுவற தண்ணியை எங்க விடுவாங்கன்னு எழுத்துல கேளு.

வேற காரணம் ஒண்ணும் இல்லை. அவசரப்பட வேணாம்னுதான்.

அண்ணியைப் பாத்துக்கோ.

கலை


திண்டிவனம்
6.7.2025

தங்கச்சிக்கு,

உன் கடுதாசி வர்றதுக்குள்ள கொட்டாய் போட்டுட்டாங்க. பொறுன்னு எழுதினியே, உனக்கு எப்பவும் பயம். சின்னதுல சைக்கிள் ஓட்டவும் இப்பிடித்தான் பயந்த. உடம்பு எப்பிடி இருக்குது? எனக்கு மூக்கு மட்டும் கறுப்பா ஒழுகுது, மத்தபடி நல்லா இருக்கறேன்.

ஃபேக்டரி ஓடுது. நாத்தத்தை எழுத்துல சொல்ல முடியாது. ஓடு வேகும்போது தார் மாதிரி ஒரு எண்ணெ வடியுது. அது பட்ட சொக்காய் துவைச்சாலும் நாறுது, அக்குள்ல இருந்து பொணவாடை வர்ற மாதிரி இருக்குது. சோத்துல அந்த வாடை, தலகாணியில அந்த வாடை. கரித்தூள் பல்லு இடுக்குல நறநறங்குது. கழுவற தொட்டியாண்ட உங்க அண்ணியும் நாலு பொம்பளைங்களும். ராஜாமணிதான் மேஸ்திரி. நாத்தனார் கண்டுபிடிச்ச வேலை, நானே பாத்துக்கறேன்னு நிக்கறா.

இப்ப உன்கிட்ட ஒரு உதவி. கரியை சோதனைக்கு அனுப்பினா நம்பர் நூத்தி இருவதுக்கு மேல வர மாட்டேங்குது. ஜெகதீசன் குதிக்கறாரு. உங்க சார் வந்து பாத்துட்டு, காஸ்டிக் பத்தல, ரெண்டு பங்கு போடுன்னாரு. போட்டோம். வரல. இப்ப மூணு பங்கு. அப்பவும் நூத்தி நாப்பதைத் தாண்டல. காஸ்டிக் ஏற ஏற கரி கூழு மாதிரி வருது, கழுவக் கழுவ வழவழன்னு இருக்குது.

உனக்கு நானூத்துப் பன்னண்டு வந்துது, எங்களுக்கு ஏன் வரல? அதே ஓடு, அதே ஆளு பொறுக்கினது. ஏதாவது கைப்பக்குவம் இருக்குதா? சாருக்குத் தெரியாம எனக்கு மட்டும் எழுது. நாலு பங்கு போடறதுக்குள்ள எழுது, ஜல்தி.

தென்னரசு


திண்டிவனம்
7.9.2025

கலை,

ரெண்டு மாசம் ஆவுது, உன் பதில் இல்ல. அப்பாதுரையைக் கேட்டா ஹாஸ்டல் வாச்சுமேன் கிட்டக் கையில குடுத்தேன்னு சத்தியம் பண்றான். உனக்கு உடம்பு சரியில்லையோன்னு கவலையா இருக்குது.

இங்க தண்ணி கெட்டுப் போச்சி. கிணத்துத் தண்ணி சோப்பு மாதிரி வழுக்குது. வாயில வெச்சா நாக்கு தோலு உரியற மாதிரி ஒரு ருசி. கழுவின தண்ணியை மொதல்ல டேங்க்ல புடிச்சி, காஸ்டிக் முறியறதுக்கு ஆசிட் ஊத்தி விட்டாங்க. கரி விக்கலைன்னதும் ஜெகதீசன் ஆசிட் வாங்கறதை நிறுத்திட்டாரு. இப்ப அப்பிடியே ஓடையில போவுது. கறுப்பா, நொரையா. ஓரத்துல செத்த மீனு வெள்ளையா வயித்தைத் தூக்கிக்கினு கெடக்குது, காக்கா கூட தொட மாட்டேங்குது. ஓடையில தண்ணி குடிச்ச கன்னுக்குட்டி ரெண்டு நாளு வாயில நொர தள்ளிச் செத்துப் போச்சி. பொதைக்கறதுக்குத் தூக்கும்போது நாக்கைப் பாத்தேன். வெந்து போயிருந்துது.

உங்க சார் அது வெறும் உப்புத் தண்ணின்னு சொல்றாரு. அவரு சொன்னா எனக்கு நம்பிக்கை வரல. நீ சொல்லு. நீ உப்புத் தண்ணின்னு எழுதினா நான் நம்பறேன், எல்லாருக்கும் சொல்றேன்.

ராஜாமணி வேலையா இருக்கறா. அதான் ஒண்ணும் எழுதச் சொல்லல.

தென்னரசு


விழுப்புரம்
12.9.2025

அண்ணா,

உன் ஜூலைக் கடிதம் வந்துச்சு. வந்த அன்னைக்கே படிச்சேன். பதில் எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன். நலமான்னு கேக்கற தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேரா சொல்லிடறேன்.

அது உப்புத் தண்ணி இல்லை. காரம். தோலையும் சதையையும் கரைக்கும். அந்தத் தண்ணியை யாரும் தொட வேணாம். தொட்டிருந்தா ஓடற நல்ல தண்ணியில அரை மணி நேரத்துக்குக் குறையாம கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். கிணத்துத் தண்ணி குடிக்கக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. ஃபேக்டரியை நாளைக்கே நிறுத்து.

கைப்பக்குவம் கேட்டியே, அப்படி எதுவும் கிடையாது அண்ணா. நானூத்துப் பன்னிரண்டு பொய். உங்க ஓட்டுக் கரியை பதினோரு தடவை சோதிச்சேன். நூத்தி முப்பத்தெட்டுதான் வந்துச்சு. சார் அலமாரியில வெளிநாட்டுல இருந்து வந்த கரி டப்பா ஒண்ணு இருந்துச்சு. தேங்காய் சிரட்டையில செஞ்சது, இந்த வேலைக்குன்னே விக்கறது. அதைச் சோதிக்கச் சொன்னார், நானூத்துப் பன்னிரண்டு வந்துச்சு. "ரெண்டும் கரிதானே, பேர்ல என்ன இருக்கு?"ன்னு சிரிச்சார். அந்த டப்பாவுல மல்லாட்டைன்னு லேபிள் மாத்தப்பட்டுச்சு. கட்டுரையில அந்த நம்பர் போயிடுச்சு. கேசரி அதுக்குத்தான்.

நீங்க காஸ்டிக்கை ரெண்டு பங்கு, மூணு பங்குன்னு ஏத்தினது எல்லாம் இல்லாத ஒரு நம்பரைத் துரத்திக்கிட்டு. உன் கடிதத்துல அதைப் படிச்ச அன்னையில இருந்து என் கை எனக்கே பிடிக்கலை. நகத்துக்கு அடியில கறுப்பு இருக்கு. சோப்பு போட்டு, ஊசியால குத்தி எடுத்துப் பாத்துட்டேன், போகலை. இப்ப ஸ்பூன்லதான் சாப்பிடறேன்.

சாரைப் பாக்கவே அருவருப்பா இருக்கு. இன்னைக்குக் காலையில கூட ஒரு கூட்டத்துல "விவசாயிகளின் வாழ்வு"ன்னு பேசினார். கடைவாய் ஓரத்துல எச்சில் வெள்ளையா திரண்டு நின்னுச்சு. நான் முன் வரிசையில உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அண்ணி எப்படி இருக்காங்க? நீ ஒண்ணுமே எழுதலை. தொட்டிகிட்ட நிக்க வேணாம்னு சொல்லு.

கலை


திண்டிவனம்
20.9.2025

உன் கடுதாசி வந்துது. படிச்சேன்.

ராஜாமணி தொட்டியாண்ட நிக்கல. ஆஸ்பத்திரியில இருக்கறா. ஆகஸ்ட் பத்தொம்பதாந் தேதியில இருந்து. நீ பரீட்சையோ என்னவோ எழுதிக்கினு இருப்ப, பயப்படுவன்னு எழுதாம வுட்டேன். என்னா புத்தி எனக்கு.

நாலு பங்கு போட்ட அன்னைக்கு நடந்துது. கூழு தொட்டி அடைச்சிக்கிச்சி. குச்சி போட்டும் போகல. கையுறையை மாட்டிக்கினு கையை உட்டு அடைப்பை எடுத்திருக்கா. கையுறை கிழிஞ்சி இருந்துது. மொழங்கை வரைக்கும் உள்ள போயிடிச்சி. கத்தியிருக்கா. நான் பத்தடி தூரத்துல, முதுவைக் காட்டிக்கினு மூட்டை தைச்சிக்கினு இருந்தேன். எனக்குக் கேக்கல. மத்த பொம்பளைங்க ஓடி வந்து என் தோளைப் புடிச்சித் திருப்பினாங்க. அப்பத்தான் பாத்தேன். வாயைத் தொறந்துக்கினு நிக்கறா. கையில தோலு வெள்ளையா, அரிசிக் கஞ்சியில ஊறின துணி மாதிரி வழியுது. நான் ஓடிப் போயிப் புடிச்சேன், புடிச்ச எடத்துல தோலு என் கையோட வந்துது.

தொடையில இருந்து தோலு எடுத்து வெச்சி தெச்சிருக்காங்க. சோத்தாங்கையில ரெண்டு வெரலு மடங்கினது மடங்கினதுதான், நிமிராதாம்.

ஆஸ்பத்திரியில கூட அவ, "கலைகிட்ட சொல்லாத, அவ மனசு உட்டுடும், கண்டுபிடிச்சவ இல்லியா"ன்னு சொன்னா. வாயைப் பாத்துப் படிச்சேன்.

மில்லுல மாட்டின பேப்பரைக் கழட்டி அந்த ஓடையில போட்டுட்டேன். உன் மேல கோவம்னு எழுதலாம்னு உக்காந்தேன். கோவம் இல்ல. அருவருப்பா இருக்குது. உன் கையெழுத்தைப் பாத்தாலே. இனிமே எழுதாத.


விழுப்புரம்
11.10.2025

அண்ணா,

எழுதாதேன்னு சொல்லிட்டே. ஆனா இது உங்களுக்குத் தெரியணும். அண்ணி வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு அப்பாதுரை சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டு, உள்ள வராமத் திரும்பிட்டேன். அதை நல்லதுன்னு சொல்லலை.

பல்கலைக்கழகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் மனு அனுப்பிட்டேன். நகல் இதோட இருக்கு. சாருக்குத் தெரிஞ்சுபோச்சு. லேப் பூட்டை மாத்திட்டார். போன்ல கூப்பிட்டு, "நான் தூக்கி விட்ட நாய் நீ"ன்னார். அந்தக் குரல்ல கூட வழவழன்னு ஒண்ணு இருக்கு, காதைக் கழுவணும் போல இருந்துச்சு.

அதிகாரிங்க வந்தா நடந்ததைச் சொல்லுங்க.

அண்ணி கிட்ட என்ன எழுதறதுன்னு தெரியலை.

கலைப்பிரியா


திண்டிவனம்
9.11.2025

கலைக்கு,

ராஜாமணி எழுதறேன். பீச்சாங்கையால எழுதறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எழுத மூணு நாளு ஆச்சி. பாதியில வுட்டுட்டு வுட்டுட்டு எழுதறேன். நான் இருக்கறேன். நீ எப்பிடி இருக்கறன்னு கேக்கத் தோணல, ஆனா கடுதாசின்னா கேக்கணும் இல்ல, கேக்கறேன்.

அதிகாரிங்க வந்தாங்க. தண்ணியை பாட்டில்ல புடிச்சிக்கினு கொட்டாய்க்கு சீல் வெச்சிட்டாங்க. ஜெகதீசன் அதுக்கு மொத நாளே டிரம்மை எல்லாம் வுட்டுட்டு ஓடிட்டாரு.

அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி உங்க சார் வந்தாரு. ஆப்பிள் வாங்கிக்கினு வந்தாரு. என் கைக் கட்டைப் பாக்காம சுவத்தைப் பாத்துப் பேசினாரு, மூக்கை கர்ச்சீப்பால பொத்திக்கினு. புண்ணு வாடை வரும், எனக்கே தெரியும். ஒரு காயிதம் நீட்டினாரு. எச்சரிச்சும் கேக்காம நானா கையை உட்டேன்னு டைப் அடிச்சிருந்துது. கையெழுத்துப் போடுன்னாரு. கை இல்லியேன்னேன். "பரவால்லம்மா, இடது கை கட்டை விரல் வெச்சா போதும், இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது பழக்கம்தானே"ன்னாரு. நான் பத்தாவது படிச்சவ. தமிழ்ல எழுவத்தெட்டு மார்க்கு. அவரு காயிதத்துப் பின்னாடியே இந்தக் கையால என் பேரை எழுதி, "பொய்"னு எழுதிக் குடுத்தேன். ஆப்பிளை மாட்டுக்குக் கூட போடல.

இப்ப உன் சங்கதிக்கு வர்றேன். நீ அனுப்பின மனுவை உங்க அண்ணன் தொடல. நான் தான் படிச்சேன், நாலு தடவை. "பேராசிரியர் கூறினார்"னு இருக்குது. "பேராசிரியர் கட்டாயப்படுத்தினார்"னு இருக்குது. அப்புறம் "லேபிள் மாற்றப்பட்டது"ன்னு இருக்குது. யாரு மாத்தினது? லேபிளு தானா எழுந்து போயி ஒட்டிக்கிச்சா? உன் நோட்டையே காரு சாவியால புரட்டினவருன்னு நீதான எழுதின, அவரு கையால ஒட்டினாரா? ஓடு பொறுக்கினவ பேரு இருக்குது, கழுவினவ பேரு இருக்குது, ஒட்டினவ பேரு மட்டும் இல்ல.

அதிகாரி என்னைக் கேட்டப்ப நான் மறைக்கல. என் நாத்தனாரும் இதுல சேத்திதான்னு சொல்லி, உன் பேரை எழுதிக்கச் சொன்னேன். சொந்தத்துல ஒருத்தியைக் காட்டிக் குடுக்கற மாதிரி இருந்துது. ஆனா சொல்லாம இருந்திருந்தா அதை வுட கேவலமா இருந்திருக்கும்.

அவரு அழுக்கு அவரோட. நீ படிச்ச பொண்ணு, உன் அழுக்கை நீயே எடுத்து வெளிய போடு. அதுக்கு என் கை வேணாம் இல்ல?

வெரலு வலிக்குது.

ராஜாமணி


திண்டிவனம்
14.12.2025

கலை,

எழுதாதன்னு சொன்னவன் எழுதறேன். உடம்பு பரவால்ல. ராஜாமணிக்கு ரெண்டாவது தடவை தோலு வெச்சது புடிச்சிக்கிச்சி. கரண்டி புடிக்கறா, பொட்டு வெக்க வரல.

நீ மறுபடி அனுப்பின மனு வந்துது. அவ படிச்சிட்டு என் முன்னாடி வெச்சிட்டுப் போயிட்டா. "அந்த லேபிளை என் கையால் நான் ஒட்டினேன். பொய் என்று தெரிந்தே ஒட்டினேன். எனக்குப் பட்டம் வேண்டும் என்பதால் ஒட்டினேன்." அதை ரெண்டு தடவை படிச்சேன். உன் படிப்பை ரத்து பண்ணிட்டாங்கன்னு அப்பாதுரை சொன்னான். கட்டுரையையும் எடுத்துட்டாங்களாம். உங்க சாருக்கு விசாரணை நடக்குதாம், ஆனா சம்பளம் நிக்கலையாம். ஒரு கல்யாணத்துல முன் வரிசையில உக்காந்து தின்னுக்கினு இருந்தாருன்னு சொன்னான். கேட்டதும் எழுந்து போயித் துப்பிட்டு வந்தேன்.

உனக்கும் எனக்கும் நடுவுல முன்ன மாதிரி ஆவுமான்னு தெரியல. பொய் எழுதத் தெரியாது எனக்கு.

மழை வுட்டுடிச்சி. கிணத்தை எறைச்சிச் சேறு அள்ளிக்கினு இருக்கறோம். அள்ள அள்ள கறுப்பா வழுவழுன்னு வருது, செத்த தவளையும் மீனு முள்ளும் அதுல ஒட்டிக்கினு வருது. ஊருல யாரும் எறங்க மாட்டேங்கறாங்க, வாடை புடிக்காம வாந்தி எடுத்துட்டுப் போயிடறாங்க. நானும் அப்பாதுரையும் மட்டும் எறங்கறோம். தண்ணி எப்ப குடிக்கலாம்னு அளந்து பாக்கவும் ஒருத்தரு வேணும்.

உங்க அண்ணி உன்னை வரச் சொல்லல. வர வேணாம்னும் சொல்லல. நானா எழுதறேன்.

பழைய துணி எடுத்துக்கினு வா. ஆளு பத்தல.

தென்னரசு